ஐந்து கேள்விக்குறிகள்

2013 ஜூன் மாதம் பாளையங்கோட்டையில் மதினி என் கையில் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார்கள். "உங்க அண்ணன் எழுதுனது எல்லாம் இதுலதான் இருக்குன்னு சொல்லுவாக. நீங்கதான் தம்பி எடுத்துத் தரணும்" என்றார்கள்.

அண்ணன் கூடப்பிறந்தவர் இல்லை. டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், இரங்கல் போஸ்டர் அடித்துக் கொடுத்துக்கொண்டே கவிதை எழுதியவர். 2001இல் சொந்தமாக ஒரு இணையதளம் தொடங்கினார். அவருடைய கவிதைகளோடு தெரிந்தவர் தெரியாதவர் எழுத்தையும் போட்டார். அவர் இறக்கும்வரை அதன் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டவன் நான். அதற்கு நான் வாங்கிய சம்பளம் புரோட்டாவும் சால்னாவும்.

கடைசி வருடத்தில் அவர் தன்னுடைய கவிதைகளை ஒவ்வொன்றாகத் தளத்திலிருந்து நீக்கினார். மொத்தம் 17. ஏன் என்று கேட்டால், "சரியா வரல டே, எடுத்துட்டேன்" என்பார். எனக்குக் கவலை இல்லை. நீக்கிய எதையும் ஒரு நகல் எடுத்துத் தனி டேபிளில் போட்டுவைக்கும்படி 2010இலேயே அவருக்குத் தெரியாமல் எழுதிவைத்திருந்தேன். 'பழையவை' என்று அதற்குப் பெயர். மதினியிடம் அன்றைக்குத் தைரியமாகச் சொன்னதும் அதை நம்பித்தான்: "எல்லாம் பத்திரமா இருக்கு மதினி. அண்ணன் நீக்குனதுகூட இருக்கு."

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். 17 கவிதைகளும் இருந்தன. வரி பிரிந்திருந்தது, பத்தி இடைவெளி இருந்தது, காற்புள்ளிகூட இருந்தது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேள்விக்குறி. 'தமிழ்' என்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் ????? என்று இருக்கும்.

இது ஏன் நடந்தது என்பதற்கான ஒற்றை வரி பதில் எந்த டேட்டாபேஸ்காரருக்கும் தெரியும். டேபிளை உருவாக்கும்போது எழுத்துருத் தொகுப்பு எது என்று நான் குறிப்பிடவில்லை. அவ்வளவுதான். ஆனால் குறிப்பிடாவிட்டால் ஏன் கேள்விக்குறி வர வேண்டும், யார் அப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் வேலை பார்த்த எட்கர் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது இருந்த டேட்டாபேஸ்களில் ஒரு தகவல் வேண்டுமென்றால், அது எந்தக் கோப்பில், எந்தச் சங்கிலியில், எத்தனையாவது கண்ணியில் இருக்கிறது என்பது புரோகிராமருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காட், கணிதம் படித்த ஆங்கிலேயர். எல்லாவற்றையும் டேபிள்களாக வைப்போம், எனக்கு இது வேண்டும் என்று மட்டும் கேட்போம், உள்ளே எப்படிச் சேமித்திருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை என்றார். அதே ஆய்வகத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அப்படிக் கேட்பதற்கான மொழியை உருவாக்கினார்கள். முதலில் சீக்வல் என்று பெயர். அது ஏற்கெனவே ஒரு பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால் எஸ்.க்யூ.எல். என்று சுருங்கியது. பாய்ஸ் அதே வருடம் இளவயதில் இறந்துபோனார்.

உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. அழகான வாக்குறுதி. நாற்பது வருடம் கழித்து நான் மாட்டிக்கொண்டது சரியாக இதில்தான்.

காட் இன்னொரு விஷயத்திலும் பிடிவாதமாக இருந்தார். ஒரு மதிப்பு தெரியாது என்றால் டேபிளில் 'தெரியாது' என்று வெளிப்படையாகப் பதிய வேண்டும், அதற்கென்று தனி அடையாளம் வேண்டும் என்றார். அதுதான் நல். பூஜ்யமும் இல்லை, வெற்றிடமும் இல்லை. 1985இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற 12 விதிகளில் மூன்றாவது விதி இதைப் பற்றியது. என்னுடைய 'பழையவை' டேபிளில் நல் இருந்திருந்தால் ஏதோ காணவில்லை என்று முதல் வாரமே தெரிந்திருக்கும். கேள்விக்குறி அப்படி இல்லை. அது உண்மையான எழுத்து. எத்தனை வரிகள், எவ்வளவு நீளம் என்று கேட்டால் டேபிள் சரியாகப் பதில் சொல்லும்.

இனி ஸ்வீடன். 1995இல் மைக்கேல் விடேனியஸ் என்ற பின்லாந்துக்காரரும் டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்களும் சேர்ந்து மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸை வெளியிட்டார்கள். 'மை' என்பது விடேனியஸின் மகள் பெயர். இலவசம், சின்னது, வேகமானது. இணையம் அப்போதுதான் பெருகிக்கொண்டிருந்தது. மாதம் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைத்த ஹோஸ்டிங் எதை வாங்கினாலும் அதில் இதுதான் இருக்கும். தமிழின் ஆரம்பகால இணையதளங்களில் எத்தனையோ இதன்மேல்தான் நின்றன.

அதன் குணம் ஒன்று உண்டு. எது வந்தாலும் நிற்காது. எண் வேண்டிய இடத்தில் எழுத்தைக் கொடுத்தால் பூஜ்யம் போட்டுக்கொள்ளும். பிப்ரவரி 31 என்று கொடுத்தால் தேதியை 0000-00-00 என்று பதியும். இடத்துக்கு மேல் நீளமாகக் கொடுத்தால் கொள்கிற மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடும். பின்னாளில் கேட்டால் 'எச்சரிக்கை' என்று சொல்லும், ஆனால் நாம் கேட்க வேண்டும். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் ஆட்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கோ அப்போது அது நல்ல குணமாகத்தான் பட்டது, தளம் படுக்காமல் ஓடினால் போதும் என்று.

இயல்பான எழுத்துருத் தொகுப்பு லத்தீன்-1. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதற்கு இயல்பான விதி ஸ்வீடிஷ். ஊர் ஸ்வீடன், அதனால் ஸ்வீடிஷ், வேறு காரணம் இல்லை. தலையில் புள்ளியும் வட்டமும் வைத்த மூன்று எழுத்துகள் இசட்டுக்குப் பிறகு வர வேண்டும் என்பது அவர்கள் அகராதி வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ உலகத்தில் பாதித் தளங்கள் ஸ்வீடிஷ் அகரவரிசையில் ஓடின. பாளையங்கோட்டைத் தளமும்.

அண்ணன் அப்போது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தார். டி.டி.பி. பழக்கம். பாமினியில் தமிழ் எழுத்துக்கென்று தனி எண் கிடையாது. ஆங்கில எஃப் விசையை அடித்தால் கணினி எஃப் என்றுதான் சேமிக்கும், எழுத்துரு அதைக் க என்று வரைந்து காட்டும். பெரிய எஃப் அடித்தால் கு. சின்ன கே ம, பெரிய கே மு. டேட்டாபேஸுக்குத் தமிழ் என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

ஒருநாள் ராத்திரி போன். "டே, ஏற்கெனவே இருக்குங்கு டே. புதுசாத்தான போடுதேன்?" கறிக்கடை பற்றி அவர் எழுதிய கதை அது. தலைப்பு 'குடல்'. ஒரே தலைப்பு இரண்டு முறை வராதபடி நான் ஒரு தடை போட்டிருந்தேன். டேட்டாபேஸ் டூப்ளிகேட் என்ட்ரி என்று மறுத்துக்கொண்டிருந்தது. தேடினால் அப்படி ஒரு கதை இல்லை. ஆனால் 'கடல்' என்று ஒரு கவிதை இருந்தது. பாமினியில் கடலுக்கு எஃப், எல், ஒய், அரைப்புள்ளி. குடலுக்கும் அதேதான், எஃப் மட்டும் பெரியது. ஸ்வீடிஷ் வரிசை சின்ன எழுத்து பெரிய எழுத்து பேதம் பார்க்காது. அதன் கண்ணுக்குக் கடலும் குடலும் ஒன்று. அந்தக் காலத்தில் தளத்தில் 'மடி' என்று தேடினால் 'முடி'யும் வந்திருக்கும், நாங்கள் கவனிக்கவில்லை.

அந்த நெடுவரிசையை பைனரி என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. பைனரி என்றால் மொழி என்று எதையும் பார்க்காதே, பைட்டை பைட்டாகப் பார் என்று பொருள். அண்ணனிடம் காரணத்தைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு யூனிகோடு வந்தது. தமிழுக்கு 1991 முதல் பதிப்பிலேயே அதில் இடம் உண்டு. சென்னையில் 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாப், டாம் என்ற குறியீடுகளை அறிவித்தது. டிஸ்கி என்று இன்னொன்று இணையக் குழுக்களில் புழங்கியது. இவை எல்லாவற்றையும் கடந்து 2003, 2004இல் வலைப்பதிவுகள் பெருகியபோது யூனிகோடுதான் வென்றது. அண்ணனும் 2005இல் மாறினார்.

யூனிகோடு எண்களை பைட்டுகளாக எழுத யூடிஎஃப்-8 என்ற முறை. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் வரைந்து பார்த்தது. அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று. குறி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. ஆக 15 பைட். மைஎஸ்க்யூஎல்லின் டெக்ஸ்ட் வகை நெடுவரிசையில் 65,535 பைட் கொள்ளும். ஆங்கிலத்தில் ஒரு குறுநாவல் எழுதலாம். தமிழில் 21,845 குறிகளோடு, பெரும்பாலும் வாக்கியத்தின் நடுவில், சத்தமில்லாமல் முடிந்துவிடும். நீள் கட்டுரை போடும் இதழ்காரர்கள் பலர் இந்தச் சுவரில் ஒருமுறையாவது இடித்திருப்பார்கள்.

இப்போது ஒரு வேடிக்கை. 2004இல் வந்த 4.1 பதிப்புக்கு முன்னால் மைஎஸ்க்யூஎல்லுக்கு மொழிகளை மாற்றிக்கொடுக்கத் தெரியாது. வந்த பைட்டை வைக்கும், கேட்டால் அதே பைட்டைத் தரும். லத்தீன்-1 என்று நினைத்துக்கொண்டு தமிழை வைத்திருக்கும், கெடுக்காது. 4.1இல் அது படித்துவிட்டது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு எழுத்துருத் தொகுப்பு, பேசவரும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒன்று. இரண்டும் வேறாக இருந்தால் நடுவில் நின்று மொழிபெயர்க்கும். நான் வேலை செய்த அளவில், தமிழுக்கு அதனால் வந்த சேதம் எல்லாம் அது படித்த பிறகுதான் தொடங்குகிறது.

சேதம் இரண்டு வகை. முதல் வகையில் உள்ளே இருப்பது யூடிஎஃப்-8 பைட்டுகள், ஆனால் டேபிள் தன்னை லத்தீன்-1 என்று நம்புகிறது. பேக்கப் எடுக்கும்போது ஒவ்வொரு பைட்டையும் ஒரு ஐரோப்பிய எழுத்தாக நினைத்து மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கிவிடுகிறது. தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. அதனால் பக்கம் முழுக்கத் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம் வரிசைகட்டும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் ஒன்றும் தொலையவில்லை. லத்தீன்-1 என்று சொல்லியே வெளியே எடுத்து, யூடிஎஃப்-8 என்று சொல்லி உள்ளே போட்டால் தமிழ் திரும்பிவிடும். டேட்டாபேஸ் வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் இது ஒன்று.

பென்டிரைவில் 2005 முதல் 2008 வரையான பதிவுகள் இப்படித்தான் இருந்தன. ஆனால் எனக்கு முன்னால் யாரோ ஒரு தம்பி உதவி செய்கிறேன் என்று கோப்பை விண்டோஸில் ஏதோ கருவியில் திறந்து மாற்றிச் சேமித்திருந்தான். மைஎஸ்க்யூஎல் லத்தீன்-1 என்று சொல்வது உண்மையில் விண்டோஸ்-1252 தொகுப்பு. அதில் 256 இடங்களில் ஐந்து காலி: 129, 141, 143, 144, 157. மைஎஸ்க்யூஎல் அந்த ஐந்தையும் பத்திரமாகக் கடத்திவிடும். வேறு சில கருவிகள் காலி இடத்தில் கேள்விக்குறி போடும். இனி பாருங்கள்: தமிழில் புள்ளியின் மூன்றாவது பைட் 141. உகரக் குறியின் மூன்றாவது பைட் 129. ஏ 143, ஐ 144. நான் திருப்பி எடுத்த தமிழில் மற்ற எல்லாம் இருந்தது, எல்லாப் புள்ளியும் எல்லா உகரமும் போயிருந்தன. போன இடம் தெரிந்தது, அங்கே இருந்தது புள்ளியா உகரமா என்பது தெரியவில்லை.

ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். படிப்பவர்தான் க-வா க்-ஆ என்று முடிவு செய்ய வேண்டும். உ.வே.சாமிநாதையர் காலத்துப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு 2013இல் எனக்கு ஒரு சி.எஸ்.வி. கோப்பில் வாய்த்தது. பள்ளிக்கூடத்து இலக்கணம் உதவிக்கு வந்தது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. ஆகவே 'வந்தத' என்று எழுதிக் கடைசியில் ஓட்டை இருந்தால் அது உகரம்தான். அதற்கு விலக்கு சந்தி: அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்கினால் புள்ளியாகவும் இருக்கலாம். நடுவில் இரண்டு க-வுக்கு இடையே ஓட்டை என்றால் அநேகமாகப் புள்ளி. இப்படி ஒரு இருபது விதி எழுதி ஓடவிட்டேன். பெரும்பகுதி சரியாக வந்தது, மிச்சத்தை உட்கார்ந்து வாசித்தே திருத்தினேன். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள். கல்லூரியில் நன்னூல் எதற்கு என்று கேட்ட ஆள் நான்.

இரண்டாவது வகைச் சேதம் கேள்விக்குறி. இங்கே புரோகிராம் நேர்மையாக நான் யூடிஎஃப்-8 பேசுகிறேன் என்கிறது. டேபிள் தான் லத்தீன்-1 என்கிறது. நடுவில் இருக்கும் சர்வர் 'த'வை எடுத்து லத்தீன்-1இல் இதற்கு என்ன எழுத்து என்று தேடுகிறது. இல்லை. மாற்றாக ஒரு கேள்விக்குறி போடுகிறது. த-வும் கேள்விக்குறி, ம-வும் கேள்விக்குறி. திரும்பும் வழி கிடையாது. 2008இல் நான் தளத்தின் முக்கிய டேபிள்களை எல்லாம் கவனமாக யூடிஎஃப்-8 என்று குறித்து உருவாக்கினேன். 2010இல் 'பழையவை' டேபிளை ஒரு மதியம் அவசரமாக எழுதியபோது அந்தக் கடைசித் துண்டை மறந்தேன். குறிப்பிடாவிட்டால் சர்வரின் இயல்பு, அதாவது ஸ்வீடனின் லத்தீன்-1. அண்ணன் ஒவ்வொரு கவிதையாக நீக்கியபோது நகல் போய் அங்கே விழுந்தது. 17 முறையும் எச்சரிக்கை வந்திருக்கும், கேட்க ஆள் இல்லை.

இதெல்லாம் பின்னாளில் திருத்தப்பட்டது. தவறான மதிப்பு வந்தால் மறுத்து நிற்கும் கண்டிப்பு முறை 2005இல் 5.0 பதிப்பிலேயே வந்துவிட்டது, விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்று. அது இயல்பானது 2015இல், 5.7இல். இன்றைக்கு அதே தவறைச் செய்தால் இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ என்று பிழை காட்டி நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அந்தச் செய்தியைப் பார்த்தால் பொறாமைதான் வரும். இன்னொரு விஷயம், மைஎஸ்க்யூஎல் யூடிஎஃப்-8 என்று அழைத்ததுகூட முழுமையானது இல்லை. குறிக்கு மூன்று பைட் வரைதான் ஏற்கும். தமிழ் மூன்றில் அடங்கும், எமோஜிக்கு நான்கு வேண்டும். அதனால் 2010இல் எம்பி4 என்று வால் சேர்த்து இன்னொன்று விட்டார்கள், 2018இல் 8.0 பதிப்பில்தான் அது இயல்பாயிற்று. எமோஜிதானே என்று தமிழர்கள் விட்டுவிட முடியாது. முந்திரி, கால், அரை, முக்கால் ஆகிய பழைய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்தபோது அவற்றுக்குக் கிடைத்த இடம் நான்கு பைட் பகுதியில். கண்டிப்பு இல்லாத பழைய டேபிளில் ஒரு நிலப்பத்திரத்தைத் தட்டச்சு செய்தால் முதல் முந்திரிக் குறியோடு பத்திரம் வெட்டுப்படும்.

மதினியிடம் போய்ச் சொன்னேன். தொலைத்தது நான் என்பதையும் சேர்த்துத்தான். அவர்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய் மூன்று நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பழைய வருடத்து டைரிகள். "இதுலயும் எழுதுவாக. ஆனா அடிச்சு அடிச்சு எழுதுவாக தம்பி, எது எதுன்னு எனக்குத் தெரியாது."

உண்மைதான். ஒவ்வொரு கவிதையும் நான்கைந்து வடிவத்தில் இருந்தது. எதைத் தளத்தில் போட்டார்? அப்போதுதான் எனக்கு உறைத்தது, கேள்விக்குறிகளை எண்ணலாம். ஒரு குறிக்கு ஒரு கேள்விக்குறி, இடைவெளியும் காற்புள்ளியும் அப்படியே. டைரியில் இருந்த எல்லா வடிவத்தையும் தட்டச்சு செய்து, ஒவ்வொரு தமிழ்க் குறியையும் கேள்விக்குறியாக மாற்றி, இரண்டையும் ஒப்பிடும்படி ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன்.

முதல் முறை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. 'கொடி' என்பதற்கு என்னிடம் நான்கு, அங்கே ஐந்து. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனியாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. அண்ணனின் பழைய விசைப்பலகை இரண்டாக எழுதியிருக்கிறது. அதைச் சரிசெய்து ஓட்டியதும் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. 14 கவிதைகள் கடைசிக் காற்புள்ளி வரை பொருந்தின. இரண்டு டைரியிலேயே இல்லை. அவை கேள்விக்குறிகளாகவே இருக்கின்றன.

மிச்சம் ஒன்று. 11 வரி. எல்லாம் பொருந்தியது, நான்காம் வரி தவிர. டைரியில் 'பூட்டிய வீடு' என்று இருக்கிறது, அடித்தல் திருத்தல் இல்லாமல். தளத்தில் இருந்தது இது:

??????? ??????

பூட்டிய என்பது ஏழு, சரி. வீடு நான்குதான். அங்கே ஆறு.

மதினியிடம் காட்டினேன். விரல்விட்டு எப்படி எண்ணுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். "முற்றமா இருக்குமோ?" ஏழு வரும் என்றேன். "வாசல்?" ஐந்து. கொஞ்ச நேரம் கழித்து, "இல்லம்?" என்றார்கள். அது ஆறு, இல்லம் சரியாக வருகிறது. ஆனால் அண்ணன் இல்லம் என்று எழுதுகிற ஆளா? கல்யாணப் பத்திரிகையில் அடித்து அடித்தே அந்தச் சொல் அவருக்கு வெறுத்துப்போயிருந்தது. "எழுத மாட்டாக" என்று அவர்களே சொன்னார்கள். திண்ணையும் ஆறுதான், ஆனால் திண்ணையை எப்படிப் பூட்ட?

இப்போதிருக்கும் தளத்தில் அந்த 15 கவிதைகளும் இருக்கின்றன. நான்காம் வரியில் டைரியில் உள்ளபடி வீடு என்று போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். டேபிளை எம்பி4-க்கு மாற்றியபோது அந்த ஆறு கேள்விக்குறிகளும் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.